அறுபது, ஐம்பது, நாற்பது

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வருடத்தில் ஆறேழு முறை சளி பிடிப்பது சாதாரணம். அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கிய குழந்தை என்றால் இன்னும் கூடுதலாகவே பிடிக்கும். மூக்கொழுகும், இருமும், இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் தானே விட்டுவிடும். இப்படி வந்து போகும் இருமல்களுக்கு நடுவே எப்போதாவது ஒன்று நிமோனியாவாக இருக்கும். தொடக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான். ஒன்றுக்குத் தாய்ப்பாலும் கதகதப்பும் போதும். மற்றொன்றுக்கு அன்றைக்கே மருந்து தொடங்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுப்பு நம் கிராமங்களில் முதலில் வந்து விழுவது கிராம சுகாதார செவிலியர் மேல். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. அங்கே எக்ஸ்ரே கிடையாது, குழந்தை மருத்துவர் கிடையாது. "நர்சம்மா, ரெண்டு நாளா சளி. ராத்திரி பூரா தூங்கல" என்று ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்கிறார். நர்சம்மாவிடம் இருப்பவை கண்ணும் கையும், ஒரு தெர்மாமீட்டர், நொடி முள் ஓடும் ஒரு கடிகாரம்.

அந்தக் கடிகாரத்தை வைத்து அவர் பின்பற்றும் விதி இது: 2 மாதத்துக்குக் குறைவான குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் அது வேகமான மூச்சு. 2 மாதம் முடிந்து 12 மாதம் ஆகும் வரை எல்லை 50. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40. இருமலோ மூச்சுத் திணறலோ உள்ள குழந்தைக்கு இந்த எல்லை தாண்டியிருந்தால் நிமோனியா என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்க வேண்டும். ஏதோ வசதியில்லாத இடத்துக்கென்று சுருக்கி எழுதிய மருத்துவம் என்று இதைப் பார்த்ததும் பலருக்குத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. கடந்த நூற்றாண்டின் மருத்துவ அறிவியல் தந்தவற்றில் மிகக் கவனமாகச் செதுக்கப்பட்ட எண்களில் இவை மூன்றும் அடங்கும். உடலின் இயக்கமும் புள்ளியியலும் பல ஊர்களின் அனுபவமும் இவற்றுக்குள் இருக்கின்றன.

முதலில் உடல். ஆரோக்கியமான நுரையீரல் எளிதாக விரியும். நிமோனியாவில் காற்றுப்பைகளுக்குள் நீரும் சீழும் நிறைந்துவிடுவதால் அந்தப் பகுதி விறைத்துப் போகிறது. புதுப் பலூனை முதல்முறை ஊதும்போது கன்னம் வலிக்கிறதே, அந்த வேலையைக் குழந்தையின் மூச்சுத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் செய்ய வேண்டியிருக்கிறது. விறைத்த நுரையீரலை ஒரே இழுப்பில் பெரிதாக விரிப்பதைவிட, சிறு சிறு மூச்சாகப் பலமுறை இழுப்பது தசைக்குச் செலவு குறைந்த வழி. உடல் அந்த வழிக்கு மாறிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும்போது கழுத்துத் தமனியோரம் உள்ள உணர்விகளும் மூளைக்குச் செய்தி அனுப்பி மூச்சை இன்னும் முடுக்குகின்றன. ஆக, ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கும் முன்பே நோய் மூச்சின் வேகத்தில் தெரியத் தொடங்கிவிடலாம்.

வயதுக்கு ஒரு எல்லை வைத்ததற்கும் காரணம் உடலிலேயே இருக்கிறது. பச்சிளங்குழந்தை தன் எடைக்கு நம்மைப்போல ஏறத்தாழ இரு மடங்கு ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது. நுரையீரலோ சின்னது. அதனால் நோயில்லாதபோதே அது வேகமாகத்தான் மூச்சுவிடும். வளர வளர வேகம் குறையும். ஒரு மாதக் குழந்தைக்கு 52 இயல்பு. மூன்று வயதுக் குழந்தைக்கு அதே 52 ஆபத்தின் அறிகுறி.

இனி எண்கள் வந்த கதை. 1980களின் தொடக்கத்தில் பாப்புவா நியூ கினியின் மலைநாட்டு ஊரான கொரோக்காவில் ஃபிராங்க் ஷான் என்ற ஆஸ்திரேலியக் குழந்தை மருத்துவர் வேலை செய்தார். அந்த மலைகளில் குழந்தைகளை அதிகம் கொன்ற நோய்களில் நிமோனியாவும் ஒன்று. மருத்துவரே இல்லாத சுகாதாரச் சாவடியில் இருக்கும் ஊழியர் எதைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் தருவது, எதைப் பார்த்து மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதே அவருடைய கேள்வி. ஸ்டெதாஸ்கோப் பெரிதாக உதவாது. நெளிந்து அழும் குழந்தையின் நெஞ்சில் நுண்ணிய சத்தத்தைப் பிடிப்பது கடினம், தேர்ந்த மருத்துவர்களே அதில் ஒத்துப்போவதில்லை. ஷானும் அவருடைய சகாக்களும் இருமலோடு வந்த குழந்தைகளின் ஒவ்வொரு அடையாளத்தையும் குறித்துவைத்து ஒப்பிட்டார்கள். கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய இரண்டு அடையாளங்கள் தேறின. நிமிடத்துக்கு 50ஐத் தாண்டும் மூச்சு, மருந்து தேவை என்று சொல்லியது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்குவது, மருத்துவமனை தேவை என்று சொல்லியது. உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1984இல் இந்தக் கட்டுரை வெளிவந்தது.

அடுத்த படி நம் வேலூரில் நடந்தது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான் முதலானோர், நுரையீரல் வரை தொற்று இறங்கிய குழந்தைகளையும் மூக்கு தொண்டையோடு சளி நின்றுவிட்ட குழந்தைகளையும் வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். ஒரு வயதுக்குள் 50 சரியான எல்லைதான், ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு 40 என்று வைத்தால்தான் நோயுள்ளவர்கள் தப்பாமல் பிடிபடுகிறார்கள் என்று 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். குழந்தையின் மூச்சு வேகமாக இருக்கிறது என்று தாய் சொல்லும் வார்த்தையையும் அவர்கள் ஒரு அடையாளமாக எடுத்துச் சோதித்தார்கள். அதுவும் நம்பத் தகுந்ததாகவே இருந்தது. இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. "மூச்சு வாங்குதுங்க" என்று தாய் சொல்வது அளந்து பார்த்த சான்றின் தகுதி பெற்ற வாக்கியம்.

எல்லையை எங்கே போடுவது என்பதில் ஒரு பேரம் உண்டு. 60 என்று போட்டால் நோயுள்ள பல குழந்தைகள் நழுவிவிடுவார்கள். 30 என்று போட்டால் சளி பிடித்த எல்லாக் குழந்தைக்கும் ஆன்டிபயாட்டிக் போகும். ஒரு குழந்தையைத் தவறவிட்டால் அது சாகலாம், தேவையில்லாமல் ஐந்து நாள் மருந்து தின்ற குழந்தைக்குப் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போகும். இந்த இரண்டு தவறுகளும் ஒரே எடை அல்ல என்பதால்தான், சிலருக்கு வீணாகக் கொடுத்தாலும் பரவாயில்லை, யாரும் நழுவக் கூடாது என்ற பக்கம் கோடு சாய்த்துப் போடப்பட்டது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் தம்பதியர் இதை இன்னும் ஒரு படி கீழே கொண்டுபோனார்கள். கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களும் மருத்துவச்சிகளும் மூச்சை எண்ணி மருந்து கொடுத்தார்கள். அந்த ஊர்களில் நிமோனியாச் சாவு குறைந்ததை 1990இல் லான்செட்டில் பதிவுசெய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிட மணல் கடிகாரமும் மணிச்சட்டமும் சேர்ந்த கருவி ஒன்றையும் செய்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும், அவ்வளவே கணக்கு.

எண்ணுவது எளிது என்று தோன்றும். அருகில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரியும். முதலில் குழந்தையைத் தொடவே கூடாது. தெர்மாமீட்டர், எடை பார்ப்பது எல்லாம் பிறகு. தாயின் மடியில் இருக்கும்படியே சட்டையை மட்டும் மெல்லத் தூக்கிவிடச் சொல்ல வேண்டும். கைக்குழந்தைகள் வயிற்றால் மூச்சுவிடுகிறவர்கள் என்பதால் பார்வை நெஞ்சும் வயிறும் சேரும் இடத்தில் நிற்க வேண்டும், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியும். பால் குடித்துக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அழுதால் எண்ணிப் பயனில்லை. தூங்கினால் நல்லது, எழுப்ப வேண்டியதில்லை. ஏறி இறங்கினால் ஒன்று. வயிற்றைப் பார்த்தால் கடிகாரம் தெரியாது, கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு மூச்சு நழுவும். அதனால் கடிகாரத்தைக் குழந்தையின் வயிற்றருகே பிடித்துக்கொள்வார்கள், அல்லது மணியடிக்கும் டைமரை வைத்துக்கொள்வார்கள்.

முக்கியமாக, ஒரு நிமிடம் முழுசாக எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் நழுவிய ஒரு மூச்சு இரண்டாகிவிடும். அதுமட்டுமல்ல, சின்னக் குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. நாலைந்து நொடி சும்மா இருந்துவிட்டுப் பிறகு படபடவென்று இழுக்கும். அது இயல்பே. அதனால்தான் 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 வந்தால் உடனே முடிவெடுக்காமல் மறுபடி ஒருமுறை எண்ணச் சொல்கிறது நெறிமுறை. இரண்டாம் முறையும் 60 என்றால் அந்த வயதில் பேச்சே இல்லை, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

எண்ணும்போதே நெஞ்சையும் பார்க்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது வயிறும் நெஞ்சும் சேர்ந்தே எழும்புவது இயல்பு. நோய் முற்றிய குழந்தைக்கு வயிறு எழும்பும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே போகும். குழந்தையின் விலா எலும்புகள் இன்னும் பாதி குருத்தெலும்புதான். விறைத்த நுரையீரலை விரிக்க உதரவிதானம் முழு பலத்தோடு இழுக்கும்போது, நுரையீரல் விரிவதற்குப் பதில் நெஞ்சுச்சுவரே வளைந்துகொடுக்கிறது. "நெஞ்சுக்குழி உள்ள போகுது" என்று தாய்மார்கள் சொல்வது இதைத்தான். அழாத குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் இப்படித் தெரிந்தால்தான் கணக்கு. 2014இல் உலக சுகாதார நிறுவனம், வேறு ஆபத்தில்லாத இத்தகைய குழந்தைகளுக்கும் வாய்வழி அமாக்ஸிசிலின் போதும் என்று விதியைத் தளர்த்தியது. அதற்கு நல்ல ஆய்வுகள் இருந்தன. ஆனாலும் துணை நிலையத்தில் பார்க்கும் இப்படிப்பட்ட குழந்தையை அன்றைக்கே ஒரு மருத்துவர் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேறு ஆபத்து என்பது நான்கு: குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம். முதலாவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதாது. "பால் குடிக்குதா?" என்றால் பழக்கத்தில் "குடிக்குது" என்றே பதில் வரும். அங்கேயே பால் கொடுக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சுவிடுவதும் மாறிமாறி நடக்க வேண்டிய வேலைகள். 70, 80 என்று மூச்சு ஓடும் குழந்தைக்கு விழுங்க இடைவெளி கிடைப்பதில்லை. வாயில் காம்பைப் பிடித்து, இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, விட்டுவிட்டு அழும். நான்கில் ஒன்று இருந்தாலும் முதல் வேளை மருந்தைக் கொடுத்து 108ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

வேகமான மூச்சு மட்டும் என்றால் அமாக்ஸிசிலின் மாத்திரை. தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துக் கரண்டியால் புகட்டலாம். எடைக்கேற்ற அளவு, காலை ஒன்று மாலை ஒன்று, ஐந்து நாள். முதல் வேளையைச் செவிலியர் முன்னால் தாயே கொடுப்பது நல்லது. வீட்டில் தடுமாறும் இடம் எதுவென்று அப்போதே தெரிந்துவிடும். இரண்டு நாளில் திரும்ப வந்து மறுபடி எண்ண வேண்டும், எண் இறங்கியிருக்க வேண்டும். வேகமான மூச்சே இல்லாத இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம், இருமல் டானிக்கும் வேண்டாம். குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023இல் எச்சரித்திருக்கிறது.

இந்த விதிக்கு இன்று ஒரு சிக்கல் உண்டு. ஹிப் கிருமிக்கு எதிரான தடுப்பூசி அடங்கிய பென்டாவேலன்ட் ஊசி நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் தொடங்கியது. நிமோகாக்கல் தடுப்பூசி தமிழ்நாட்டின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 2021இல் சேர்ந்தது. பாக்டீரியா நிமோனியாவின் இரண்டு பெரிய காரணங்களை இவை மடக்குகின்றன. எனவே வேகமாக மூச்சுவிடும் குழந்தைகளில் பாக்டீரியா உள்ளவர்களின் பங்கு 1988இல் இருந்ததைவிடக் குறைகிறது, வைரஸும் வீசிங்கும் உள்ளவர்களின் பங்கு கூடுகிறது. எண் அதே 50. ஆனால் அது சொல்லும் சேதியின் உறுதி மாறிவிட்டது. இந்தக் காரணத்தால் இழுப்புச் சத்தம் கேட்கும் குழந்தைக்கு முதலில் சால்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் வழியாகக் கொடுத்துவிட்டு மறுபடி எண்ணிப் பார்க்கிறார்கள். பல குழந்தைகளுக்கு எண் எல்லைக்குள் இறங்கிவிடும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் துணைக்கு வந்திருக்கிறது. அது காட்டும் ரத்த ஆக்ஸிஜன் அளவு 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மூச்சு எண்ணிக்கை எதுவானாலும் அனுப்பிவிட வேண்டும். ஆனால் கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் தெரிந்த செய்தி. 91 என்று பார்த்து நிம்மதி அடைவதற்கு முன் நம் குழந்தைகளின் நிறத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கும் இதே மாதிரி ஒரு கைச்சோதனை இருக்கிறது. தொப்புளுக்கும் விலாப்புறத்துக்கும் நடுவில், விரல் நுனியால் கிள்ளாமல் விரல்களின் சதைப்பகுதியால், உடலின் நீளவாக்கில் தோலை மடித்து ஒரு நொடி பிடித்துவிட வேண்டும். 2 நொடிக்கு மேல் மடிப்பு அப்படியே நின்றால் நீரிழப்பு கடுமை, டிரிப் தேவை. உடனே படியாமல் மெதுவாகப் படிந்தால், அதோடு கண் குழிவிழுந்து தண்ணீரைப் பார்த்ததும் பாய்ந்து குடித்தால், ஓஆர்எஸ் என்ற உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தே மீட்கலாம். மிகவும் மெலிந்த குழந்தைக்கு நீர் குறையாமலே மடிப்பு நிற்கும், கொழுகொழு குழந்தைக்கு நீர் குறைந்தும் சட்டென்று படியும். எனவே தோலை மட்டும் நம்பக் கூடாது.

1971இல் வங்காளத்து அகதிகள் நெருக்கியடித்த மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாமில் காலராவுக்கு டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் இதே போல உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை உறவினர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். பேதியில்கூடக் குடல் குளுக்கோஸையும் சோடியத்தையும் ஜோடியாகவே உறிஞ்சும், அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும் என்பதே இதற்கு அடிப்படை. ஜோடியின் அளவு தப்பினால் பயன் கெடும். சர்க்கரை கூடினால் குடல் தண்ணீரை உள்ளே இழுப்பதற்குப் பதில் வெளியே தள்ளும். ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பாதி பாதியாகக் கொட்டி டம்ளரில் கலக்குவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. "எந்தப் பாத்திரத்துல கலப்பீங்கம்மா?" என்று கேட்பதும் சிகிச்சையின் பகுதியே. கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொள்ளச் சொன்னால் குழப்பம் தீரும். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும் பாக்கி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பெரியவர்களுக்கு இதே கண்டிப்பு ரத்த அழுத்தத்தில் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்குப் பிறகு வீட்டு வாசலிலேயே அழுத்தம் பார்ப்பது பழகிவிட்டது. ஆனால் களத்து வேலை முடிந்து வேகமாக வந்து நிற்பவருக்கு, ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, கை தொங்கியபடி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்தால் 140/90 என்ற எல்லை பொய்யாகத் தாண்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார வைத்து, கையை இதய உயரத்தில் தாங்கி, பேசாமல் பார்த்து, இன்னொரு நாளும் பார்த்த பிறகு எடுக்கும் முடிவே ஆயுளுக்கும் மாத்திரை விழுங்கப்போகிறவருக்குச் செய்யும் நியாயம்.

இவை எல்லாவற்றுக்கும் வேண்டியது நேரம். கிராம சுகாதார செவிலியரின் நேரத்தைக் கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசிக் கணக்கு, கணினிப் பதிவேற்றம், கூட்டம் என்று பலவும் பங்குபோடுகின்றன. பதிவேடும் தேவைதான். ஆனால் அந்த வேலைக்குத் தனியாக ஆள் போடலாம். மூச்சை எண்ணும் நிமிடத்தை வேறு யாரும் ஈடுசெய்ய முடியாது. ஒரு நிலையத்தில் அமாக்ஸிசிலின் மாத்திரை தீராமல் இருக்கிறதா, நொடி முள் உள்ள கடிகாரம் ஓடுகிறதா என்று ஆய்வுக்கு வருபவர்கள் பதிவேட்டைத் திறக்கும் முன் பார்க்க வேண்டும்.

அந்த நிமிடம் முடிந்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. இன்று 38 எண்ணிக்கையோடு வீட்டுக்கு அனுப்பப்படும் இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளை இரவு 50 ஆகலாம், அப்போது செவிலியர் அருகில் இருக்க மாட்டார். எனவே தாயிடமே சட்டையைத் தூக்கிக் காட்டி, இந்த இடம் உள்ளே போனாலோ, மூச்சு இதைவிட வேகமானாலோ, பால் குடிக்காவிட்டாலோ, காய்ச்சல் புதிதாக வந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் உடனே கிளம்பி வர வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொன்னதும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலையாட்டுவார். "என்னென்ன ஆனா வருவீங்க, சொல்லுங்கம்மா" என்று கேட்க வேண்டும். நான்கையும் அவர் வாயால் சொன்ன பிறகு அனுப்பலாம்.